ஆஞ்சியோடென்சின் செல்லுக்குள் நுழைவதே இல்லை என்றால் அழுத்தம் எப்படி ஏறுகிறது?

ரங்கூன் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து மாவு கலக்கி, இட்லி அவித்து, ஏழு மணிக்குள் தெருமுனையில் விற்று முடித்துவிடுவார். நாலு மாடி ஏறி இறங்குவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள், தலை சுற்றுகிறது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரத்த அழுத்தம் பார்த்தால் 178க்கு 104.

முதலில் எனலாப்ரில் கொடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது, ஆனால் இரண்டாவது வாரமே வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க இருமுவார். ஒரு கடையில் இருமல் மருந்து வாங்கி ஒரு மாதம் வீணானது, மாத்திரைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு வேறொரு பெண் டாக்டரிடம் போனோம் (சயாமா என்றுதான் இங்கே கூப்பிடுவோம்). அவர் லோசார்டன் 50 மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் இருமல் அடங்கியது. இப்போது 130க்கு 82.

சயாமா பர்மீய மொழியில் சொன்னது இது: "ஒரு ஹார்மோன் வந்து செல்லின் கதவைத் தட்டுகிறது. இந்த மாத்திரை கதவுக்கு முன்னால் நின்றுகொள்ளும்." வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "கதவைத் தட்டினால் சரி, அப்புறம் உள்ளே போய் என்னதான்டி செய்யுது?" தேடிப் படித்தேன். அந்த ஹார்மோனின் பெயர் ஆஞ்சியோடென்சினாம். அது உள்ளே போவதே இல்லையாம், வெளியிலேயே நிற்குமாம். வெளியே நிற்கும் ஒன்று எப்படி உள்ளே இருக்கிற தசையைச் சுருக்குகிறது? அங்கேதான் எனக்குப் புரியாமல் போகிறது.

நான் பள்ளியில் உயிரியல் படித்தது பர்மீய மொழியில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் இதை அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்வீர்களா? இருமல் ஏன் வந்தது, ஏன் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

மோல்மேன் பழைய வாத்தியார்:

செல்விம்மா, வணக்கம். முப்பத்தொரு வருஷம் உடலியக்கவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டியவன் நான். இதைத் தமிழில் யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாக நினைத்ததுண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நாலாவது மாடி என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கிளிப். பேப்பர்காரர் கீழே நின்று கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும், நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். அவர் ஒரு படிகூட ஏறியிருக்க மாட்டார். ஆனால் வீட்டுக்குள் ஒருவர் எழுந்து நடக்கிறார், இன்னொருவர் சில்லறை தேடுகிறார், கூடை கீழே இறங்குகிறது. ஆஞ்சியோடென்சின் செய்வதும் இதைத்தான். கீழே நின்று இழுக்கிறது. மற்ற வேலையெல்லாம் வீட்டுக்காரர்களுடையது.

அந்தக் கயிறுதான் ஏற்பி. பெயர் ஏடி1. 359 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். செல்லின் சவ்வை ஏழு தடவை குறுக்கே துளைத்துப் போகிறது, ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. ஆஞ்சியோடென்சின் 2 என்பது வெறும் எட்டு அமினோ அமிலம் கொண்ட சின்னத் துண்டு. அது வெளிப்பக்கத்துக் குழியில் பொருந்தியதும் ஏற்பியின் உடல் லேசாகத் திருகுகிறது. சவ்வைத் தாண்டி உள்ளே போவது அந்தத் திருகல் மட்டும்தான்.

உள்ளே மணிச் சத்தத்துக்காகக் காத்திருப்பது ஜி புரதம். சும்மா இருக்கும்போது ஜி.டி.பி. (GDP) என்ற, இரண்டு பாஸ்பேட் உள்ள சிறு மூலக்கூறைக் கையில் பிடித்திருக்கும். ஏற்பி திருகியதும் அதை விட்டுவிட்டு, ஒரு பாஸ்பேட் கூடுதலாக, அதாவது மூன்று பாஸ்பேட் உள்ள ஜி.டி.பி.யை (GTP) எடுத்துக்கொள்ளும். (தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி வருகிறது. முதலாவதை இரட்டைப் பாஸ்பேட், இரண்டாவதை முப்பாஸ்பேட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், குழம்பாது.) முப்பாஸ்பேட்டைப் பிடித்த ஜி புரதம் விழித்த ஆள். அது சவ்வின் உள்பக்கமாகவே நகர்ந்து போய் பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியை எழுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த மூன்றாவது பாஸ்பேட்டைத் தானே வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். மணி எப்போதும் அடித்துக்கொண்டே இருக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் இந்த இடம் வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

எழுந்த பாஸ்போலிப்பேஸ் சி ஒரு கத்திரிக்கோல். சவ்வின் உள்பக்கக் கொழுப்பில் ஒரு வகையை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு தண்ணீரில் கரையும், பெயர் ஐ.பி.3. இன்னொன்று கொழுப்பு, டி.ஏ.ஜி., அது சவ்விலேயே தங்கிவிடும். ஐ.பி.3 மிதந்து போய் செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் மதகைத் திறக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது 1983இல். நான் வேலைக்குச் சேர்ந்த பின்னால் வந்த பாடம் இது, நானே புதிதாகப் படித்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கால்சியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓய்வாக இருக்கும் செல் தன் உள்ளே இருக்கும் கால்சியத்தை, வெளியே இரத்தத்தில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து வைத்திருக்கும். ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும், அதற்காகச் சக்தியும் செலவழிக்கும். அவ்வளவு நிசப்தமாக வைத்திருப்பதால்தான் சிறிது கசிந்தாலும் பெரிய சத்தமாகக் கேட்கிறது. கிடங்கு திறந்ததும் உள்ளே அளவு பல மடங்கு உயரும். கால்மோடுலின் என்ற புரதம் நான்கு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கைனேஸ் நொதியை இயக்கும். அந்த நொதி மயோசின் என்ற தசைப் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். உடனே மயோசின் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும். செல் சுருங்குகிறது. சிறு தமனியின் சுவரைச் சுற்றி இப்படி வளையம் வளையமாகச் செல்கள் இருக்கின்றன, எல்லாம் சேர்ந்து சுருங்கினால் குழாய் ஒடுங்கும். ஆரம் 10 சதவீதம் குறைந்தால் போதும், இரத்த ஓட்டத்துக்கான தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்குக் கணக்கு அது. அம்மாவுக்கு 178 வந்த கணக்கில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

சவ்வில் தங்கிய டி.ஏ.ஜி. என்ன செய்கிறது என்று மாணவர்கள் கேட்க மறந்துவிடுவார்கள். அது புரத கைனேஸ் சி என்ற இன்னொரு நொதியை எழுப்பும். மயோசினிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றித் தசையைத் தளர்த்துகிற நொதி ஒன்று இருக்கிறதே, அதன் கையைப் பிடித்து வைக்க இது வழி செய்யும். ஒருபக்கம் இறுக்குகிறார்கள், மறுபக்கம் தளர்த்த வருகிறவரை நிறுத்தி வைக்கிறார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முயலின் பெருந்தமனியைச் சுருளாக வெட்டி நாடாவாக்கி, 37 பாகைச் சூட்டில் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு ஆக்சிஜன் குமிழ் விடுவோம். நாடாவின் மேல் நுனியை ஒரு நெம்புகோலில் கட்டினால் அதன் முள், உருளையில் சுற்றிய, புகைக்கரி படிந்த கரித்தாளில் கோடு போடும். ஆஞ்சியோடென்சின் ஒரு சொட்டு விட்டால் முள் ஏற ஆரம்பிக்கும். கரைசலில் கால்சியத்தை எடுத்துவிட்டாலும் முதல் தடவை கொஞ்சம் ஏறும், ஏனென்றால் கிடங்கில் சரக்கு இருக்கிறது. அப்புறம் இறங்கிவிடும். கால்சியம் இருந்தாலும்கூட, இடைவெளி விடாமல் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஏற்றம் குறையும். மருந்து கெட்டுவிட்டதா என்று மாணவர்கள் பாட்டிலை மோந்து பார்ப்பார்கள். மருந்து நன்றாகத்தான் இருக்கும். யாரோ கீழே நின்று விடாமல் இழுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கயிற்றை மேலே சுருட்டி எடுத்துக்கொள்வீர்கள். செல்லும் அதையே செய்கிறது. ஏற்பியின் உள்முனையில் பாஸ்பேட் அடையாளம் வைத்து, அரெஸ்டின் என்ற புரதத்தை அதில் மாட்டி, ஏற்பியையே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இனி இருமல். இந்த ஹார்மோன் ஒரே இடத்தில் தயாராவதில்லை. கல்லீரல் ஒரு பெரிய புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. அழுத்தமோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் ரெனினை விடும், அது அந்தப் புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலத் துண்டை வெட்டும். அதில் கடைசி இரண்டை நறுக்கி எட்டாக்குவது ஏஸ் என்ற நொதி, நுரையீரல் இரத்தக் குழாய்களின் உள்சுவரில் நிறைய உண்டு. ரெனினை 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டார்கள். ஆஞ்சியோடென்சினை 1940இல் அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தன. ஹைபர்டென்சின், ஆஞ்சியோடோனின். 1958இல் இரண்டையும் பாதி பாதி சேர்த்து இப்போதைய பெயராக்கினார்கள்.

எனலாப்ரில் ஏஸ் நொதியைத் தடுக்கும் குடும்பம். அந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரை பிறந்தது பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் விஷத்தைப் படித்ததிலிருந்து. ஏஸ் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் சேரும், மூச்சுக்குழாயை உறுத்தும், அம்மா இருமினார். லோசார்டன் ஏஸ் பக்கமே போவதில்லை. பேப்பர்காரர் தெருவில் நடமாடுவார், கயிற்றின் நுனியை மட்டும் லோசார்டன் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டிருக்குமே ஒழிய இழுக்காது.

மருந்துக்கடை மீனா:

வாத்தியார் ஐயா எழுதியதை எங்கள் கடைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன், நன்றி. செல்வி அக்கா, கடையில் நிற்பவள் என்ற முறையில் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி வந்தால் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் என்று தானாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். லோசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, அழுத்தமும் ஏறலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பழைய எனலாப்ரில் மிச்சம் இருந்தால் "இரண்டும் நல்லதுதானே" என்று சேர்த்துச் சாப்பிட விடாதீர்கள். அப்புறம் இது உங்கள் அம்மாவுக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு: கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த இரண்டு குடும்ப மாத்திரைகளையும் சாப்பிடக் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அக்காவின் மாத்திரை தங்கைக்கு என்று கேட்டு வருகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ரங்கூன் செல்வி:

ஐயா, நேற்று ராத்திரி கரண்ட் போனதும் அம்மாவைப் பால்கனிக்குக் கூட்டிப்போய் எங்கள் கயிற்றைக் காட்டியே சொன்னேன். ஐ.பி.3, டி.ஏ.ஜி. வரைக்கும் போகவில்லை. மணி, கத்திரிக்கோல், மதகு, அவ்வளவுதான். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. "அதுதான் ரொம்ப இழுத்தால் கயிற்றை மேலே சுருட்டிக்குதே, அப்புறம் எனக்கு எதுக்கு மாத்திரை?"

இன்னொன்றும் சொன்னார். 130 வந்துவிட்டதே, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் போதாதா என்று. மீனா, நீங்கள் சொன்னதை எழுதி மாத்திரைப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் புரியவில்லை.

மோல்மேன் பழைய வாத்தியார்:

செல்விம்மா, உங்கள் அம்மா என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

சுருட்டிய கயிற்றை நாம் குப்பையில் போடுவதில்லையே, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் தொங்கவிடுகிறோம். செல்லும் உள்ளே இழுத்த ஏற்பிகளில் பலவற்றை மறுபடி மேற்பரப்புக்கு அனுப்புகிறது. நான் கரித்தாளில் பார்த்தது ஒரேயடியாகக் கொட்டிய பெரிய அளவு. உடம்பில் அப்படி இல்லை. ஆஞ்சியோடென்சின் இரத்தத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, நொதிகள் சிதைத்துவிடும். ஆனால் சிறுகச் சிறுக, ராத்திரி பகல் என்று புதிதாக வந்துகொண்டே இருக்கும். மெல்லிய இழுப்பு, ஓயாத இழுப்பு. அதற்குக் கயிறு முழுதாகச் சுருண்டுவிடாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. உள்ளே இழுக்கப்பட்ட ஏற்பியும் வாய் மூடிவிடுவதில்லை. அதில் மாட்டிய அரெஸ்டின் வேறு ஒரு செய்தியைத் தொடங்கிவிடும். ஏற்பியிலிருந்து இன்னொரு வழியும் பிரிகிறது, பக்கத்தில் இருக்கும் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தட்டி எழுப்பும். இந்த வழிகள் கைனேஸ் தொடராக உட்கரு வரைக்கும் போய் மரபணுக்களை இயக்கும். கூடவே ஆக்சிஜனிலிருந்து வினைமிகு மூலக்கூறுகளை உண்டாக்கும் நொதியையும் கிளப்பிவிடும். இந்த வேலை, சுருக்கம் மாதிரி நொடிக் கணக்கில் நடப்பதில்லை. மாதங்கள், வருஷங்கள் ஆகும். தமனிச் சுவர் தடிக்கும், நார்ப்பொருள் சேரும், இதயத்தின் இடது கீழறைச் சுவர் கனக்கும். ஒரே கயிறு, ஒரே இழுப்பு, ஒரு செய்தி விநாடியில் முடிகிறது, இன்னொன்று வீட்டையே இடித்துக் கட்டுகிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. லோசார்டனும் அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளும் சில மணி நேரத்தில் பாதி பாதியாகக் குறைந்துவிடும். மாத்திரை இல்லாத நாளில் கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை. அதே சமயம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் ரெனினை வழக்கத்தைவிட அதிகமாகவே விடும், ஏனென்றால் "போதும்" என்று சிறுநீரகத்துக்குச் சொல்வதும் ஆஞ்சியோடென்சின்தான், அந்தக் குரலையும் மாத்திரை அடக்கிவிட்டது. ஆகவே தெருவில் முன்பைவிடக் கூட்டம். பிடித்தவர் கையை விட்டால் என்ன ஆகும் என்று அம்மாவே சொல்லிவிடுவார். அந்த 130 மாத்திரையோடு சேர்ந்த 130 அம்மா, மாத்திரை இல்லாமல் வந்ததில்லை. அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை சயாமாவிடம் மட்டும் கேளுங்கள்.

பொட்டாசியம்: சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. அங்கேயும் இதே ஏடி1 கயிறு, இதே ஜி புரதம், இதே கால்சியம். ஆனால் அந்த வீட்டில் தசை இல்லை, மணி அடித்தால் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்கிறார்கள். அது கொழுப்பு வகை, கயிறு வேண்டாம், சவ்வைக் கடந்து நேராக உள்ளே போய்விடும். சிறுநீரகத்தில் சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லும். லோசார்டன் அந்த மணியையும் தடுப்பதால் பொட்டாசியம் உடம்பில் தங்கும். மீனா சொன்ன எச்சரிக்கை அதனால்தான். இரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் செல்வி:

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள் பேச்சை விட்டுவிட்டார். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியதும் மாத்திரை என்று அவரே நேரம் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒன்று. சமையலில் உப்பு குறைத்துவிட்டோம், ஆனால் ஙாப்பி (உப்புப் போட்டுப் புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது) இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. "மாத்திரைதான் சாப்பிடறேனே, ஙாப்பியும் தின்னா என்ன" என்கிறார். மாத்திரை அதைச் சமாளித்துவிடுமா?

மோல்மேன் பழைய வாத்தியார்:

சமாளிக்காது அம்மா. உப்பு நிறையச் சாப்பிட்டால் சிறுநீரகம் ரெனினைக் குறைத்துவிடும், ஆஞ்சியோடென்சினும் குறையும். அப்போது அழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பது பெரும்பாலும் உப்பும் அதோடு தங்கிய தண்ணீரும்தான். கயிற்றை இழுக்க ஆளே குறைவாக இருக்கும்போது நுனியைப் பிடித்துக்கொண்டு மாத்திரை என்ன செய்ய முடியும்? உப்பைக் குறைத்தால் உடம்பு ஆஞ்சியோடென்சினை நம்பி அழுத்தத்தைத் தாங்கும், அப்போது அதே 50 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும்.

மோல்மேனில் இருந்துகொண்டு ஙாப்பியை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நான் செய்வதைச் சொல்கிறேன். தினமும் தட்டில் வைப்பதை விட்டுவிட்டேன். வாரத்தில் ஒருநாள், அதுவும் சுட்ட தக்காளியும் பச்சை மிளகாயும் நிறையப் போட்டு இடித்து, அதில் ஙாப்பி ஒரு சுண்டைக்காய் அளவு. அன்றைக்குக் குழம்பில் உப்பு கிடையாது. அம்மா ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். காலையில் மாத்திரைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து அளந்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டை சயாமாவிடம் கொண்டுபோங்கள். எனக்கும் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.